சப்பான்காரன் சோறு

எங்கள் குடும்பத்தில் 'சப்பான்காரன் காலம்' என்று யாராவது பேச்சை எடுத்தால் துப்பாக்கியும் வாளும் வராது, மரவள்ளிக்கிழங்குதான் வரும். அவித்த கிழங்கு, சுட்ட கிழங்கு, காயவைத்து இடித்த மாவில் தட்டிய ரொட்டி. அந்த மூன்றரை ஆண்டு முடிந்த பிறகு என் பாட்டி அதை அடுப்பில் ஏற்றவே இல்லை. பேரப்பிள்ளைகள் ஆசையாய்ப் பாசாவில் வாங்கிவந்து கொடுத்தாலும், "அது பசிக்குத் தின்னது, ருசிக்கு இல்ல" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். தட்டில் ஒரு பருக்கை கிடந்தாலும் விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறை அது. அவர்கள் போரைச் சோற்றால் அளந்தார்கள்.

அப்படி அளந்ததற்குக் காரணம் இருக்கிறது. போருக்கு முன் மலாயா தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும், வாங்கிக்கொண்டிருந்தது. ஈயத்தையும் ரப்பரையும் விற்று அரிசி வாங்கிய நாடு. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதோடு மேற்கு நாடுகளின் ரப்பர்ச் சந்தை அறுந்தது, அரிசிக் கப்பலும் நின்றது. நெல் விளையும் நிலம் மலாய்க் கம்பங்களில் இருந்தது. தோட்டத்து லயத்தில் இருந்தவர்களுக்கு நிலம் இல்லை, வேலையும் போயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு கையில் இருந்தது. அதன் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. சாக்கைக் கிழித்து உடுத்தியதாகச் சொல்லாத பாட்டி எந்தத் தோட்டத்திலும் கிடையாது.

இவ்வளவும் நெஞ்சில் இருக்கும் ஒருவன் தெமியாங்கில் ஒரு சிறிய சுஷிக் கடையில் உட்கார்ந்தபோது மனத்தில் ஓடியதைத்தான் எழுத வந்தேன்.

தொழிற்சாலைகளுக்குப் போய்க் கணக்காய்வு செய்வது என் பிழைப்பு. வேலை செனவாங்கில் இருந்தது. அறை சிரம்பானில் தெமியாங் பக்கம் கிடைத்தது. பகல் முழுக்க அடுத்தவர் செலவுச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு இரவில் பழகாத ஊரில் தனியே சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: அப்போது வயிற்றைவிடக் காதுதான் பசித்திருக்கும். யாராவது நம்மிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று இருக்கும். பெரிய உணவகத்தில் நான்கு பேர் மேசையில் ஒற்றையாய் உட்கார்வது அந்தத் தனிமையைக் கூட்டும். பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஆறேழு பேர் மட்டும் உட்காரும் ஒரு நீளப் பலகை. எதிரே நின்று ஒருவர் சமைக்கிறார். தனியாகப் போகிறவனுக்கென்றே அமைந்த இடம். சுஷியின் மேல் எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. அந்தப் பலகைக்காகத்தான் உள்ளே போனேன்.

மலேசியாவில் சுஷி இன்று புதுமை இல்லை. ஜப்பானில் பிறந்து பினாங்கில் தொழில் வளர்த்த புமிஹிகோ கொனிஷியின் குழுமம் 1995இல் சுஷி கிங் கடைகளைத் தொடங்கியது. தட்டுகள் பட்டையில் சுற்றிவரும் முறையும் அதன் வழியாகவே நம் பேரங்காடிகளில் பரவலாக அறிமுகமானது. அந்தச் சுழல்பட்டையை 1958இல் ஒசாகா பக்கத்தில் முதலில் ஓடவிட்டவர் யோஷியாகி ஷிராய்ஷி. தொழிற்சாலை வேலையாட்களுக்கு மலிவாகவும் விரைவாகவும் சோறு போட அவர் கண்ட வழி அது. தெமியாங் கடையில் பட்டை இல்லை. கை மட்டுமே.

அந்தக் கை ஒரு தமிழ்ப் பையனுடையது. முப்பதுக்கு மேல் இருக்கும். என் முகத்தைப் பார்த்ததுமே, "அண்ணே, பச்ச மீன் ஒத்துக்குமா, இல்ல வெந்ததா போடட்டா?" என்றார். லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவராம். "இப்பத் தோட்டம் இல்லண்ணே, தாமான் ஆயிடுச்சி." கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் ஜப்பானிய ஆசானிடம் வேலை பழகியிருக்கிறார். "மூணு மாசம் அரிசி மட்டும்தான் களைய விட்டாரு. மீன் பக்கமே சேர்க்கல. மீனு காசு இருந்தா யார் வேணா வாங்கலாம், சோறு நீதான் ஆக்கணும்னாரு."

அவர் சோறு ஆக்கியதை நான் கடைசிவரை பார்த்தேன். குட்டையான, பருத்த அரிசி. வியட்நாமிலிருந்து வருகிறதாம். வெந்த சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, உப்பும் சீனியும் கரைத்த வினிகரைத் துடுப்பின் மேல் வழியவிட்டுத் தெளித்தார். பிறகு துடுப்பின் விளிம்பால் கீறிக் கீறிப் புரட்டினார். அழுத்திக் கிண்டினால் பருக்கை உடைந்து கூழாகும். ஒரு கை புரட்ட, மறு கை விசிறியது. ஆவி போனதும் ஈரத்துணியால் மூடிவிட்டார். சோறு ஆறிப்போகக் கூடாது, சுடவும் கூடாது. உள்ளங்கைச் சூட்டில் நிற்க வேண்டும். அதில் ஒரு சிறு பிடி எடுத்து, விரல் நுனியால் வசாபி தொட்டு, மீன் துண்டத்தை வைத்து, இரண்டே அமுக்கில் பலகையில் வைத்தார். எடுக்கும்போது உதிரவில்லை. நாவில் பட்டதும் தானாகப் பிரிந்தது. அந்த இறுக்கத்தின் அளவுதான் இந்தத் தொழிலின் படிப்பு முழுவதும் என்று எனக்குப் பட்டது.

"கையாலே எடுத்துக்கலாமா, தம்பி?"

"கையாலதாண்ணே எடுக்கணும். குச்சியெல்லாம் பழக்கம் இல்லாதவங்க எடுத்தா சோறு நொறுங்கிடும்."

மகிழ்ச்சியாக இருந்தது. மதியச் சோற்றை உருட்டிச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் வைத்துக்கொண்டே வரும் அம்மாவின் வரிசைதான் அந்தப் பலகை. அடுத்த உருண்டை எப்போது நம் பக்கம் வரும் என்று காத்திருக்கும் சுகம் அதில் இருந்தது. நிகிரி என்னும் இந்தக் கைப்பிடிச் சுஷி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்தில், இன்றைய தோக்கியோவில், தெருவோரத்தில் நின்றபடி சாப்பிடும் உணவாகத்தான் வளர்ந்தது. ஹனாயா யோஹெய் என்பவரின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். மதுவடித்து மிஞ்சிய சக்கையிலிருந்து மலிவான வினிகர் காய்ச்சும் தொழில் அப்போது வளர்ந்திருந்தது. பொழுதுக்கும் உழைத்த கொத்தனும் தச்சனும் அவசரமாகத் தின்றுவிட்டுப் போன பண்டம். அதன் மேல் இன்று கட்டப்பட்டிருக்கும் ஆடம்பரம் பின்னால் வந்தது. நாம் சுஷி என்றாலே நினைக்கும் சால்மன் இன்னும் பின்னால் வந்தது. 1980களில் நார்வே நாட்டார் தங்கள் பண்ணை மீனுக்குச் சந்தை தேடி ஜப்பானுக்குப் போன பிறகே அது சுஷியில் ஏறியது.

அதற்கும் முந்தைய சுஷி ஒன்று உண்டு. மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பது. பீவா ஏரிக்கரையில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். இந்த முறை மேகோங் ஆற்று வெளியின் நெல்வயல்களில் பிறந்து வடக்கே போயிருக்க வேண்டும் என்பது உணவு ஆய்வாளர் நவோமிச்சி இஷிகேயின் முடிவு. தாய்லாந்தில் அதன் உறவு இருக்கிறது. மலாய்க்காரர்கள் ஆற்று மீனையும் வறுத்த அரிசியையும் சேர்த்துப் போடும் பெக்காசமும் அந்த வகைதான். ஆக, தெமியாங்கில் உட்கார்ந்து நான் தின்றது எங்கோ தொலைவிலிருந்து வந்த விநோதம் இல்லை. இந்த வட்டாரத்துப் புளிப்பு ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது.

பேச்சு தோட்டத்துக்குத் திரும்பியது. என் பாட்டியின் மரவள்ளிக் கதையைச் சொன்னேன். அவர் கானாங்கெளுத்தியைச் சீவிக்கொண்டே சொன்னார்: "எங்க பூட்டன் சயாமுக்குப் போனவருண்ணே. திரும்பி வரல."

"பேரு என்ன?"

கத்தி நின்றது. "பேரு தெரியாதுண்ணே. சயாம் தாத்தான்னுதான் சொல்லுவாங்க."

அந்தப் பதிலுக்குப் பிறகு அன்றைக்கு நான் என்ன தின்றேன் என்று நினைவில்லை.

சயாம்–பர்மா ரயில்பாதை பான் போங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனையும் இணைந்தன. மலையைப் பிளந்து, காட்டை வெட்டி, மழைக்காலத்திலும் நிறுத்தாமல் போட்ட பாதை. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே உழைத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இன்று தனித்தனிக் கல்லறை, கல்லறையில் பெயர், படைப்பிரிவு, வயது. காஞ்சனபுரிக்குப் போகும் எவரும் அந்தப் புல்வெளியைப் பார்க்கலாம். ஆசியத் தொழிலாளர்களோ கைதிகளைப் போல மும்மடங்குக்குக் குறையாதவர்கள். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மை தோட்டத்துத் தமிழர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். பெயர்ப்பட்டியல் இல்லை.

முதலில் ஆசை காட்டி அழைத்தார்கள். மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு. ரப்பர் வேலை நின்றுபோன லயத்தில் இதைக் கேட்டவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது? போனவர் திரும்பாததைக் கண்டு ஆட்கள் பின்வாங்கியபோது, ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேரைத் தர வேண்டும் என்று கணக்கு வந்தது. கிராணியும் கங்காணியும் பேரெழுதிக் கொடுத்தார்கள். பெரட்டுக் களத்தில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றியதும் உண்டு. சரக்கு ரயில்பெட்டியில் அடைத்து நாட்கணக்கில் வடக்கே கொண்டுபோனார்கள். பான் போங்கில் இறங்கியதும் காட்டுக்குள் நடை.

தண்டவாளமும் இங்கிருந்தே போனது. கெமாஸிலிருந்து கிளந்தான் போகும் கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதியையும், தம்பினிலிருந்து மலாக்கா போகும் கிளைப்பாதையையும் பெயர்த்துச் சயாமுக்கு எடுத்துப்போனார்கள். நெகிரி செம்பிலான் தன் மக்களையும் தன் தண்டவாளத்தையும் ஒரே வேலைக்குக் கொடுத்தது.

போர்க்கைதிகளிடம் தங்கள் மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீரையே குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். குறிப்பேடு எழுதியவர்கள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1943 மழையில் வாந்திபேதி வந்தபோது ஆற்றங்கரைக் கொட்டகைகள் கொத்துக்கொத்தாகக் காலியாயின. உப்பில்லாத சோறு, புழுத்த அரிசி, காய்ந்த முள்ளங்கி. கைதிகள் எழுதிய நூல்களால் உலகம் அந்தப் பாதையை அறிந்தது. திரைப்படமும் வந்தது. எழுதத் தெரியாமல் செத்தவர்களை அந்தப் புகழ் மூடிவிட்டது. நம் பக்கத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் நாவலாசிரியர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' அதற்குப் பின் வந்தது. வரலாற்றுத் துறை செய்ய வேண்டிய வேலையை மலேசியத் தமிழ்ப் புனைவு தன் தோளில் சுமந்தது என்றே நான் சொல்வேன்.

அதே காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற தோட்டத்து ஆள் இந்திய தேசிய ராணுவத்தின் சீருடையில் முதன்முதலாக நிமிர்ந்து நடந்தார். பால்வெட்டுப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி 1945 ஆகஸ்டில் நேதாஜியை எட்டியபோது அவர் இருந்த ஊர் இதே சிரம்பான். ஒரே லயத்தில் ஒரு வீட்டு மகன் சயாமில் மடிந்திருப்பான், அடுத்த வீட்டு மகன் தேசிய ராணுவத்தில் சேர்ந்திருப்பான். இரண்டும் நடந்தது அதே ஆட்சியின் கீழ்தான். சீனர்களின் கணக்கு தனி. 1942 மார்ச்சில் ஜெலுபு வட்டாரத்துத் தீத்தியை அடுத்த ஊர் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் கொன்றார்கள்.

போருக்குப் பின் கணக்கு எப்படி முடிந்தது? 1967இல் மலேசியாவும் ஜப்பானும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 25 மில்லியன் வெள்ளி மதிப்பில் நல்லெண்ண உதவி. அது இரண்டு கப்பல்களாக வந்தது. பூங்கா ராயா, பூங்கா மெலாத்தி என்று பெயர். இரண்டும் பூப்பெயர்கள். சயாமில் கணவனை இழந்து லயத்தில் பிள்ளைகளோடு கிடந்தவளுக்கு அந்தக் கப்பல்களிலிருந்து ஒரு காசும் இறங்கவில்லை. கணக்காய்வு செய்கிறவனாகவே சொல்கிறேன்: யாருக்குக் கடன் பட்டோமோ அவர் பெயரே இல்லாத பேரேட்டில் கடன் தீர்ந்ததாக எழுதினால் அது செல்லாது. 1982இல் கிழக்கு நோக்கும் கொள்கை வந்தது. செனவாங்கிலும் நீலாயிலும் ஆலைகள் எழுந்தன. தோட்டம் விட்டு வந்த நம் பிள்ளைகள் அங்கே முறைவேலை பார்த்துக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தச் சம்பளத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது உழைப்புக்குக் கிடைத்த கூலி. பழைய கடனோடு அதைச் சேர்த்து எழுதக் கூடாது.

இனி, அன்றிரவு அறைக்குத் திரும்பி வெகுநேரம் நான் எண்ணிக்கொண்டிருந்த ஒரு செய்தி. அது பொன்னி அரிசியைப் பற்றியது. தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் மளிகைக்கடைகளில் மூட்டைமூட்டையாக விற்கும் அதே பொன்னி. தைவானை ஜப்பான் ஆண்ட காலத்தில் ஜப்பானிய அறிஞர்கள் அங்கே உருவாக்கிய நெல் தைச்சுங் 65. கமேஜி, ஷின்ரிகி என்னும் இரு ஜப்பானிய நெல்களின் பிள்ளை. போர் முடிந்த சில ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் ஜப்பானிய வகை நெல்லையும் நம் வகை நெல்லையும் ஒட்டவைக்கும் முயற்சியைக் கட்டாக்கில் உள்ள நெல் ஆய்வு நிலையத்தில் தொடங்கியது. அந்தத் தைச்சுங் 65ஐ மலாயாவின் மாயாங் எபோஸ் 80 என்னும் நெல்லோடு கலந்தார்கள். அந்த வித்து மலாயாவுக்கு வந்து, ஜப்பானிய வல்லுநர்களின் உதவியோடு தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965இல் மசூரி என்ற பெயரில் வெளியானது. லங்காவிக் கதையில் வரும் பெண்ணின் பெயர் அது. மசூரி இந்தியாவுக்குத் திரும்பிப் போனது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னிக்கும் அதே தைச்சுங் 65, அதே மாயாங் எபோஸ்தான் பெற்றோர். ஆந்திரத்தின் சம்பா மசூரிக்கும் மசூரி ஒரு பெற்றோர்.

என் பாட்டி பிற்காலத்தில் விரும்பித் தின்றது பொன்னிச் சோறு. ஒரு பருக்கை விடாமல் ஒற்றி எடுத்தாரே, அதில் ஜப்பான் நெல்லின் வழி இருந்தது, மலாயா நெல்லின் வழியும் இருந்தது. அவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கிழங்கைப் போல அதையும் ஒதுக்கியிருப்பாரோ என்று யோசித்துப் பார்த்தேன். ஒதுக்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் வெறுத்தது பட்டினியை. நெல்லை அவர் எந்நாளும் வெறுத்ததில்லை.

சப்பான்காரன் சோற்றைத் தொடக் கூடாது என்று சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை மதிக்கிறேன், ஆனால் அந்த முடிவை ஏற்கவில்லை. தெமியாங் தம்பியின் கையில் இருப்பது ஒரு நாட்டுத் தொழிலாளர்கள் வளர்த்த வித்தை. அதைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் சிரத்தையோடு கற்றுத் தன் சொந்தப் பலகையில் நின்று செய்கிறான். அதைத் தின்பதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. அதே அளவுக்கு, பழசை எதற்குக் கிளறணும் என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. பூட்டனின் பெயர் தெரியாமல் போனது அந்தத் தம்பியின் தவறில்லை. அவருக்கு முன் மூன்று தலைமுறையாக யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கும்படி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் வராராம் கோவில் வளாகத்தில் தமிழர்களுக்காக இப்போது ஒரு நடுகல் நிற்கிறது. மலேசியத் தமிழர்கள் பாடுபட்டு நிறுத்தியது. நடுகல் என்றால் நம் மரபில் மடிந்தவன் பெயரைப் பொறிப்பார்கள். அங்கே பொறிக்க நம் கையில் பெயர்கள் வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் 'சயாமுக்குப் போனவர்' என்று யாரையாவது சொல்வார்களானால், அவர் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஸ்டேசனில் ரயில் ஏறினார், கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெரியாததை விட்டுவிடுங்கள், தெரிந்த மட்டும் போதும். அந்தப் பெயர்களை நேரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்போது எண்பதும் தொண்ணூறும் ஆகிறது. அடுத்த தீபாவளி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.